சாக்ஸைக் கழற்றாதே

குழந்தை ஒன்பது மணிக்கு அழ ஆரம்பித்தது. பத்தேகால் ஆகியும் நிறுத்தவில்லை.

முதல் கால் மணி நேரம் வுகாஷினுக்குப் பயமே இல்லை. பசி என்று நினைத்தான். யாஸ்னா பீய்ச்சி வைத்துவிட்டுப் போன பால் ஃப்ரிட்ஜில் நான்கு புட்டிகளில் இருந்தது. ஒன்றை எடுத்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, குழந்தையின் வாயில் வைத்தான். டூன்யா இரண்டு வாய் சப்பினாள். பிறகு தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு வீலென்று கத்தினாள். அப்பன் ஏதோ விஷத்தைப் புகட்டிவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கத்தல்.

ஒன்பது வாரக் குழந்தை. அம்மா இல்லாமல் அப்பனோடு தனியாக இருக்கும் முதல் நாள் இது. யாஸ்னா ஆசிரியர் உரிமத் தேர்வு எழுத நீஷ் நகரத்துக்குப் போயிருந்தாள். அதை விட்டால் இனி இலையுதிர் காலத்தில்தான். தேர்வு மண்டபத்து வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், மூன்று மணிக்குத்தான் திரும்பக் கையில் கிடைக்கும். காரையும் அவள்தான் எடுத்துப் போயிருந்தாள். போகும் முன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். பால் நேரம், தூங்கும் நேரம், வயிற்றைத் தடவும் விதம் எல்லாம் பள்ளிக்கூட எழுத்தில் அழகாக இருந்தன. கடைசி வரிக்கு மட்டும் இரண்டு கோடு அடித்திருந்தாள். ‘சாக்ஸைக் கழற்றாதே. அறைக்குள் காற்று வரவிடாதே.’

இதை யாரும் எழுதித் தரவே வேண்டியதில்லை. திமோக் ஆற்றங்கரையில் பிறந்த எவனுக்கும் இது தாய்ப்பாலோடு வந்து சேர்ந்துவிடும். எதிரெதிரே இரண்டு கதவு திறந்திருந்து, நடுவே காற்று ஓடினால் அதற்குப் பெயர் ப்ரோமாயா. பல்வலி, கழுத்துப் பிடிப்பு, மலட்டுத்தனம், அகால மரணம் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அந்தக் காலத்துச் சண்டையில் குண்டு விழும்போது கண்ணாடி உடையாமல் இருக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். திறந்தார்கள். கூடவே எதிர்க்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். குண்டு ஒருபக்கம் இருக்கட்டும், காற்று குறுக்கே ஓடக்கூடாதே! அப்படிப்பட்ட ஊரில் மார்ச் மாதம், கோஷாவா காற்று ஜன்னல்களை மூன்று நாளாக உலுக்கிக்கொண்டிருக்கும்போது, ஒன்பது வாரக் குழந்தையின் காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. உள்ளே மெல்லிய பருத்தி, வெளியே மேல்மாடி தேசா அத்தை பின்னிய கம்பளி, அதற்கும் மேலே காலோடு மூடிய ஜிப் உடுப்பு.

டயாபரை மாற்றினான். தோளில் போட்டு முதுகைத் தட்டினான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். வேக்கம் கிளீனரைப் போட்டுவிட்டால் குழந்தைகள் அடங்கும் என்று பணிமனையில் யாரோ சொல்லியிருந்தார்கள், அதையும் போட்டுப் பார்த்தான். டூன்யா மூன்று நொடி நிறுத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அதையும் மிஞ்சிக்கொண்டு அழுதாள்.

வுகாஷின் பஸ் பணிமனையில் மெக்கானிக். வண்டி வாசலில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, ‘பின்சக்கர பேரிங் போச்சு’ என்று சொல்லிவிடக்கூடியவன். அந்தக் காதுக்காகவே அவனை எல்லாரும் மதித்தார்கள். அதே காதை வைத்துக்கொண்டு இப்போது தன் சொந்த மகள் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் நின்றான். பசி அழுகையை அவனுக்குத் தெரியும், ‘ங்ஏ ங்ஏ’ என்று விட்டு விட்டு வரும். தூக்க அழுகை சிணுங்கும். இது இரண்டும் இல்லை. இது ஒரே உச்சியில் போய் நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

அவன் சட்டைப்பையில் ஒரு சங்கதி இருந்தது. இல்லை, இருந்தது இன்று காலைவரை. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் தேசா அத்தை வந்து டூன்யாவின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள், கண் படாமலிருக்க. வுகாஷின் அப்போது வாய்விட்டுச் சிரித்தான். “பஸ்ஸுக்குக் கட்டுங்க அத்தை, டீசல் கம்மியா குடிக்குதான்னு பாப்போம்” என்றான். ஆறாம் வாரம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் போர்க்கா வீட்டுக்கு வந்தாள். “கையில நூல் கூடாது, வாயில போட்டுக்கும், இறுக்கிக்கும்” என்று கத்தரியை எடுத்து வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். யாஸ்னா நல்ல மாணவி மாதிரித் தலையாட்டினாள். வுகாஷின், “நான் அப்பவே சொன்னேன் இதெல்லாம் சும்மான்னு” என்றான். நர்ஸ் படியிறங்கிப் போனதும், யாரும் பார்க்காதபோது, தொட்டிக்குள் கையை விட்டு அந்த நூலை எடுத்து வைத்துக்கொண்டான்.

குழந்தை பிறந்தது முதல் அவன் பயந்துகொண்டுதான் இருந்தான். இவ்வளவு சிறிய ஒன்றை யார் நம்பித் தன்னிடம் கொடுத்தார்கள் என்று தினமும் திகைத்தான். நேற்று பணிமனையில் கூட வேலை செய்யும் மியோத்ராக் கைபேசியில் குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு, ‘என்ன அழகுடா!’ என்றான். கண் படாமலிருக்கத் தூத்தூ என்று துப்பவும் இல்லை, ‘அசிங்கம் பிடிச்சவ’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவும் இல்லை. இன்று காலை யாஸ்னாவின் கார் தெருமுனை திரும்பியதும் முதல் வேலையாக, குழந்தையின் இடதுகால் உள் சாக்ஸை லேசாக இழுத்து, அந்த நூலைச் சுருட்டி உள்ளே தள்ளி, மறுபடி மாட்டிவிட்டான். கையில் கட்டினால்தானே வம்பு? பாதத்துக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது அதை நினைக்க நினைக்க அவனுக்கு மேலும் பயமாக இருந்தது. நூல் உள்ளே இருந்தும் இவள் இப்படி அழுகிறாள் என்றால், பட்ட கண் எவ்வளவு கொடிய கண்ணாக இருக்கவேண்டும்?

பத்தரைக்கு அது நடந்தது. குழந்தையை இரண்டு கையிலும் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். “என்னடி வேணும் உனக்கு? என்னதான் வேணும்?” என்று கத்தினான். கத்தியது தன் குரல்தான் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. கட்டைவிரல்கள் அவள் விலாவில் அழுந்தியிருந்தன. அவள் தலை ஒருமுறை ஆடி நின்றது.

மெதுவாக, கண்ணாடியை வைப்பதுபோல அவளைத் தொட்டிலில் வைத்தான். இரண்டடி பின்னால் போனான். பால்கனிக்கு வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோஷாவா முகத்தில் அறைந்தது. தன் கைகளைப் பார்த்தான். எஞ்சின் எண்ணெய் ரேகைகளில் ஊறிப்போன, பெரிய, முட்டாள் கைகள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்ற எண்ணம் வந்தது. அதைவிட அச்சமான எண்ணம் அவன் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

மேலே ஒரு தலை எட்டிப்பார்த்தது.

“வுகா! செத்துட்டியா, இருக்கியா? ஒரு மணி நேரமா புள்ள கதறுது, நீ இங்க காத்து வாங்குற!”

“அத்தை, கொஞ்சம் கீழ வாங்க.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “என்னால முடியல.”

தேசா அத்தை அவன் சொந்த அத்தை இல்லை. செருப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள், கட்டடத்தில் எல்லாருக்கும் அத்தை. வீட்டுச் செருப்போடு தடதடவென்று இறங்கி வந்தாள். உள்ளே நுழைந்ததும் குழந்தையைப் பார்க்கவில்லை, அவன் திறந்துபோட்டு வந்த பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் கதவு! புள்ளைய ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்குறியா?” கதவுகளைச் சாத்தினாள். பிறகுதான் தொட்டிலிடம் போனாள். “வாடி என் அசிங்கமே, வாடி என் குரங்கே. தூ தூ. யாரு அடிச்சா? உங்கப்பனா?”

வுகாஷினுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் சும்மா கொஞ்சினாள், அவ்வளவுதான். ஆனாலும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

அத்தை நெற்றியில் உதட்டை வைத்துப் பார்த்தாள், சூடில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வாயு என்றாள். சோம்பு கொதிக்கவைத்த தண்ணீரைப் பஞ்சில் தோய்த்து உதட்டில் தடவினாள். முழங்காலை மடக்கி வயிற்றோடு அழுத்தினாள். இடது காலை மடக்கியபோது டூன்யா மூச்சு அறுந்துவிடும்போலக் கத்தினாள்.

“பாத்தியா, வாயுதான் இறங்குது” என்றாள் அத்தை.

இறங்கவில்லை. பதினோரு மணிக்கு அத்தையின் முகமும் மாறியது.

“போட்டோவ யாருக்காச்சும் காட்டினியா?”

“மியோத்ராக்குக்கு.”

“துப்பினானா?”

“இல்ல.”

“நீ படிச்சவன், நீ சிரிச்ச. அந்தப் பூனைக்கண்ணி வந்து நூலை வெட்டிட்டுப் போனா, நீ பல்ல இளிச்சிக்கிட்டு நின்ன. இப்ப யாரு அனுபவிக்கிறா?”

அத்தை மேலே போய்த் தன் விறகடுப்பிலிருந்து மூன்று கங்குகளைக் கரண்டியில் எடுத்து வந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, குழந்தையின் தலைமாட்டில் நின்றாள். யார் பெயருக்குக் கங்கு மூழ்குகிறதோ, அவர் கண்தான் பட்டது என்று கணக்கு. முதல் கங்கை மியோத்ராக் பெயரைச் சொல்லிப் போட்டாள். சுர்ரென்று இரைந்து மிதந்தது. இரண்டாவது பேக்கரிக்கார ஜுர்ஜினாவுக்கு. போன வாரம் தள்ளுவண்டிக்குள் தலையை விட்டு, ‘சர்க்கரைக் கட்டி’ என்றவள் அவள். அதுவும் மிதந்தது. மூன்றாவது நர்ஸ் போர்க்காவுக்கு. அது ஒரு முறை சுழன்று அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“நான் சொல்லல?” என்றாள் அத்தை.

வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டுமென்றால், வுகாஷின் அதை நம்பினான். போர்க்காவின் நீலக் கண்ணை நினைத்தான், கத்தரியை நினைத்தான். யார் மேலாவது பழி போட முடிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. கங்குத் தண்ணீரை அத்தை குழந்தையின் நெற்றியில் தொட்டு வைத்தாள்.

அப்போது அழுகை நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையின் முகத்தில் பெருமை எழும்புவதற்குள் வுகாஷின் குனிந்து பார்த்துவிட்டான். டூன்யாவின் வாய் திறந்தபடியே இருந்தது. முகம் கருஞ்சிவப்பாகியிருந்தது. அழுகை நிற்கவில்லை, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஒரு விக்கலோடு மூச்சு உள்ளே போய், கட்டைக் குரலில், தேய்ந்துபோன சத்தத்தில் மறுபடி தொடங்கியது. அந்த நான்கு எண்ணிக்கையில் வுகாஷின் பத்து வயது மூத்துவிட்டான்.

“அத்தை, நகருங்க” என்றான்.

சாப்பாட்டு மேசையில் இருந்ததையெல்லாம் ஒரே தள்ளில் ஒதுக்கினான். வெள்ளை விரிப்பை மடித்துப் போட்டு, குழந்தையை அதன்மேல் கிடத்தினான். பணிமனையில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாவிட்டால் அவனிடம் ஒரே வழிதான் உண்டு. யோசிப்பதை நிறுத்திவிடுவான். ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணிமேல் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

“என்ன பண்ணுற?”

“கழட்டுறேன். எல்லாத்தையும்.”

“இந்தக் குளிர்லயா? பைத்தியமா உனக்கு?”

முதலில் தொப்பி. கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினான். மடிப்பில் அரை அங்குலச் சிவப்பு நூல், எறும்புக்கால் போல நுணுக்கமான தையலில் அசையாமல் பதிந்திருந்தது. அது யாஸ்னாவின் தையல். நர்ஸிடம் தலையாட்டிய நல்ல மாணவி! அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். தன்னிடம் சொல்லவில்லை. தான் சிரிப்போம் என்று.

அடுத்து ஜிப் உடுப்பு. பிறகு உள்சட்டை. அதன் மடிப்பில் ஊக்கு குத்திய சின்னத் துணிப்பொட்டலம் ஒன்று இருந்தது. மோந்து பார்த்தான்.

“அத்தை, இது?”

“பூண்டு. உன்னையா கடிக்குது? ஊக்கு மூடித்தான இருக்கு, பாரு!”

மூடித்தான் இருந்தது. உடம்பில் கீறல் இல்லை, தடிப்பு இல்லை. மார்பு, வயிறு, கக்கம், முதுகு, கை விரல் பத்து. எல்லாம் சுத்தம். வலதுகால் கம்பளி சாக்ஸைக் கழற்றினான்.

அத்தை குறுக்கே கையை வைத்தாள். “கால மட்டும் விட்டுடுறா. கெஞ்சிக் கேக்குறேன். கால் வழியாத்தான் எல்லாமே ஏறும்.”

“கைய எடுங்க அத்தை.”

வலதுகால் சுத்தம். இடதுகால் கம்பளியைக் கழற்றி வைத்தான். பருத்தி சாக்ஸை இழுத்தான். அது வரவில்லை, விரல் பக்கம் எதிலோ மாட்டியிருந்தது. குழந்தை அலறியது. அவன் துணியைக் கத்தரித்துத் திறந்தான்.

பாதம் ரோஜா நிறத்தில் இருந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த விரல் மட்டும் வீங்கிப் பளபளத்து, கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. அதன் அடியில் கோடு போட்டதுபோல ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் சதை மூடியும் மூடாமலும் ஒரு சிவப்பு. அங்கிருந்து ஒரு நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நுனியை வுகாஷினுக்குத் தெரியும்.

கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது அத்தைக்குத் தெரியாது. “என்னது? என்னடா அது?” என்றாள். காலை உதைத்து உதைத்து, உள்ளே சுருண்டு கிடந்த நூலை டூன்யாவே விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். உதைக்க உதைக்க அது இறுகியிருக்கிறது. இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமாக அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

நகத்தால் நெம்பப் பார்த்தான். மெக்கானிக்கின் நகம், ஒட்ட வெட்டியிருந்தது, பிடி கிடைக்கவில்லை. கத்தரி முனை அந்தப் பள்ளத்தைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்கை இருட்டில் தடவிக் கழற்றுகிற விரல்கள், இப்போது பட்டாணி அளவு விரல்மேல் வழுக்கின. அவசர எண்ணுக்கு அடித்தான். வண்டி வெளியூர் போயிருக்கிறது, அரைமணி ஆகும் என்றார்கள். சுகாதார நிலையம் ஓடினால் எட்டு நிமிடம்.

போர்வையில் குழந்தையைச் சுருட்டினான். இடதுகாலை மட்டும் வெளியே விட்டான்.

“கால மூடுடா!”

“மூடினா நெறம் தெரியாது அத்தை!” என்று படியிலிருந்தே கத்தினான்.

பட்டப்பகலில், கோஷாவா அடிக்கிற தெருவில், ஒரு கைக்குழந்தையின் வெறுங்காலை வெளியே நீட்டிக்கொண்டு ஓடுபவனை அந்த ஊர் சும்மா விடுமா? தபால் நிலைய வாசலில் நின்ற இரண்டு பெண்கள், “கால்! கால்! குழந்தை கால்!” என்று கூவினார்கள். ஒருத்தி, “அம்மா இல்லாத வீடு போல, பாவம்” என்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர் கைத்தடியை ஆட்டி, “மனுஷனா நீ?” என்றார். வுகாஷினுக்கு அந்தக் கேள்வி சரியாகவே பட்டது. அவன் ஓடினான். ஓடும்போது அந்த விரலையே பார்த்தான், கருக்கிறதா, கருக்கிறதா என்று. அது உதிர்ந்துவிட்டால் இவள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு செருப்பு மாட்டும்போதும் நான் செய்ததைப் பார்ப்பாளே என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை முந்திக்கொண்டு ஓடியது.

பேக்கரியிலிருந்து ஜுர்ஜினா கழுத்துச் சால்வையை உருவிக்கொண்டே பாய்ந்து வந்தாள்.

“கொலைகாரா, நில்லு! இத வெச்சு மூடு...” பக்கத்தில் வந்ததும் விரலைப் பார்த்தாள். சால்வையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மாவு ஒட்டிய இரண்டு கையையும் விரித்து நடுச்சாலையில் போய் நின்று கார்களை நிறுத்தினாள். “போடா! போ!” என்றாள்.

சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். வராந்தா முழுக்கக் குழந்தைகள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் நர்ஸ் போர்க்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் காலை நீட்டினான். ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு விளக்குக்கு அடியில் ஓடினாள். டாக்டரம்மா வந்தாள். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீன்முள் மாதிரி இருந்த ஒரு கொக்கியை எடுத்தாள்.

“பிடிச்சுக்கோங்க. ஆடக்கூடாது.”

வுகாஷின் பிடித்துக்கொண்டான். காலையில் எந்தக் கைகளைக் கண்டு பயந்தானோ அதே கைகளால், அழுத்தாமலும் விடாமலும் பிடித்துக்கொண்டான். டூன்யா கத்தினாள். கொக்கி உள்ளே போனது. சின்னக் கத்தி ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

“ரெண்டு சுத்து” என்றாள் டாக்டரம்மா. நூல் துண்டுகளைப் பஞ்சில் வைத்தாள். “எடுத்தாச்சு. ஆனா இனிமேதான் பாக்கணும். பத்து நிமிஷத்துல செவக்க ஆரம்பிச்சா விரல் பொழைக்கும். இல்லன்னா நீஷுக்கு அனுப்பணும்.”

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி என்ன சொல்ல? சுவரில் கடிகாரம் இருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து, அவன் சுண்டுவிரலை வாயில் வாங்கிச் சப்பிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கையை என்று யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான், யாரும் திட்டவில்லை. அழுகையில்லாத அமைதி அழுகையைவிட மோசமாக இருந்தது. இனி இவள் சொல்வதற்கு ஒன்றுமில்லை, விரல்தான் சொல்லவேண்டும்.

போர்க்கா பஞ்சை விளக்கில் உயர்த்திப் பார்த்தாள்.

“இந்த நூல எனக்குத் தெரியும்.”

“குப்பையிலருந்து எடுத்தேன்” என்றான் வுகாஷின். “நீங்க போனப்புறம். இன்னிக்குக் காலையில நான்தான் சாக்ஸுக்குள்ள வெச்சேன். யாருக்கும் தெரியாது.”

அவள் தன் நீலக் கண்ணை அவன் பக்கம் திருப்பினாள். அவன் அந்தக் கண்ணைப் பார்த்துப் பேசினான், இன்றைக்கு அதற்கே தைரியம் வேண்டியிருந்தது. “தேசா அத்தை கங்கு போட்டாங்க. உங்க பேருக்கு முங்கிச்சு. நான் நம்பினேன்.”

“ஈர விறகா இருந்திருக்கும்” என்றாள் போர்க்கா. பிறகு பெருமூச்சு விட்டாள். “என் மேலயும் தப்பிருக்கு. வெட்டிட்டுப் போயிட்டேன். வெட்டினா உங்க பயமும் சேந்து போயிடும்னு நெனச்சேன். உக்காந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா நீங்க ஒளிச்சு வெச்சிருக்க மாட்டீங்க.”

“அங்க பாருங்க” என்றாள் டாக்டரம்மா.

விரலின் நுனியில், நகத்துக்குப் பக்கத்தில், கத்திரிப்பூ நிறத்தின் ஓரத்தில் ஒரு மங்கல் சிவப்பு தென்பட்டது. அவள் அதை அமுக்கினாள், வெளுத்தது. விட்டாள், சிவப்பு திரும்பி வந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி வந்தது.

வுகாஷின் அழுதுவிட்டான். தடுப்பூசிக்கு வந்த தாய்மார் அத்தனை பேரும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய ஆள் ஒருத்தன் விம்மி விம்மி அழுதான். அவன் விரலைச் சப்பிக்கொண்டிருந்த டூன்யா ஒரு கணம் சப்புவதை நிறுத்தி, இதென்ன சத்தம் என்பதுபோலக் கேட்டாள்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு யாஸ்னா கூப்பிட்டாள். வுகாஷின் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே தேசா அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த விரலைக் குனிந்து குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“முடிஞ்சுது! நல்லாத்தான் எழுதினேன்னு நெனக்கிறேன். அவ எப்படியிருக்கா?”

“தூங்குறா.”

“அழுதாளா?”

இங்கேயே நிறுத்திவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் அழுதா, இப்ப சரியாயிடுச்சு. விரலில் பஞ்சுகூடப் போடவில்லை, ஒரு கோடுதான் தெரிகிறது, நாளைக்கு அதுவும் மங்கிவிடும். அத்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவளும் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் யாஸ்னா இன்னொரு நூலை இன்னோரிடத்தில் தைப்பாள், இவனும் சிரிப்பான்.

“அழுதா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. விரல்ல நூல் சுத்திக்கிச்சு, யாஸ்னா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். எடுத்துட்டாங்க. விரல் பொழச்சிடுச்சு.”

மறுபக்கத்திலிருந்து மிகச் சின்னதாக ஒரு குரல் வந்தது. அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

“தொப்பில இருந்ததா? வுகா, தொப்பில இருந்த நூலா?”

“இல்ல. இல்ல. உன்னது தொப்பியிலயே இருக்கு, தையல்கூடப் பிரியல. இது என்னது. நர்ஸு வெட்டினத எடுத்து வெச்சிருந்தேன். நீ போனதும் சாக்ஸுக்குள்ள தள்ளினேன். தைக்கத் தெரியல எனக்கு, சும்மா தள்ளிட்டேன்.”

தூரத்தில் நீஷ் நகரத்து வண்டிச் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளா, கோபத்தில் நிற்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை. காதை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“எந்த விரல்?” என்றாள் கடைசியில்.

“இடதுகால். ரெண்டாவது.”

“இப்ப என்ன நெறத்துல இருக்கு?”

அவன் குனிந்து பார்த்தான். “சிவப்பா இருக்கு. மத்த விரல விடக் கொஞ்சம் கூடவே சிவப்பா.”

“மூடாத” என்றாள் யாஸ்னா. “நான் வர்ற வரைக்கும் அந்தக் கால மூடாத. சாக்ஸு போடாத. பாத்துக்கிட்டே இரு.”

பேச்சு அறை முழுக்கக் கேட்டிருந்தது. தேசா அத்தை எழுந்துபோய்ப் பால்கனிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். சாக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.